மிளகு பறிக்கும்போது விழுந்தா யார் பொறுப்பு? கையெழுத்து போடும் முன் இதைப் படிங்க!

தை, மாசி வந்தால் கொல்லிமலையில் மிளகு அறுவடை. சில்வர் ஓக் மரத்தில் உச்சிவரை படர்ந்த கொடியைப் பிடிக்க மூங்கில் ஏணியில் ஏறணும். கால் வழுக்கினால் என்னாகும்? ஆஸ்பத்திரி செலவுக்குக் கொஞ்சம் பணம், கூடவே ஒரு பேப்பர்: 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' கையெழுத்து போட்டாச்சுன்னா கதை முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்களா? இல்லை மக்களே. இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது!

எந்தச் சட்டம்?

1923-ம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. காபித் தோட்டம், விவசாய வேலை, கட்டட வேலை எல்லாம் இதில் அடங்கும். கான்ட்ராக்டர் மூலம் போனாலும், வேலை கொடுத்த முதலாளி தப்பிக்க முடியாது. ஆனால் உங்க சொந்த மரத்தில் ஏறி விழுந்தால் இது பொருந்தாது. இ.எஸ்.ஐ இருந்தால், அந்த வழியில்தான் பலன் கேட்கணும்.

எவ்வளவு கிடைக்கும்?

வயசு, சம்பளம், பாதிப்பு மூணையும் வெச்சு கணக்கு. கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 2020-ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயசுக்காரருக்கு நிரந்தர முழு ஊனம்னா, சம்பளத்தில் 60 சதவிகிதமான 9,000-ஐ வயசுக்கான எண் 207.98-ஆல் பெருக்கணும். 18,71,820 ரூபாய்! கட்டைவிரல் போனால் 30 சதவிகித இழப்பு, அதாவது 5,61,546 ரூபாய். சிகிச்சைக்கு ஆன செலவு தனி.

'ஒரு கைதானே போச்சு'ன்னு சொன்னால் விட்டுடாதீங்க. சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்தபோது விழுந்து, இடது கையை இழந்த தச்சரின் வழக்கில், அவர் இனி அந்தத் தொழிலைச் செய்யவே முடியாது என்பதால் 100 சதவிகித இழப்பு என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மரம் ஏறிப் பிழைக்கிறவருக்குக் கால் போனாலும் இதையே கேட்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை

* அரசு மருத்துவமனையில், 'வேலை செய்யும்போது, இந்த இடத்தில் விழுந்தேன்'னு தெளிவா சொல்லிப் பதிய வையுங்க. ஏ.ஆர் காப்பி வாங்குங்க.
* முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுங்க. வாட்ஸ்அப் மெசேஜ், கூலி வந்த ஜிபே பதிவு, ஸ்பாட் போட்டோ எதையும் அழிக்காதீங்க.
* கூட வேலை பார்த்தவங்க பெயர், போன் நம்பரைக் குறிச்சு வையுங்க.
* 2 வருஷத்துக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போடணும். கேரள எஸ்டேட்டில் அடிபட்டாலும், நீங்க குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே போடலாம்.

ஒரு மாசத்துக்குள் பணம் தராத முதலாளி 12 சதவிகித வட்டி கட்டணும். தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லைன்னா, இழப்பீட்டில் 50 சதவிகிதம் வரை அபராதமும் உண்டு.

வக்கீலுக்குக் காசு?

வேண்டாம். பழங்குடியினர், பட்டியலினத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்களுக்கு இது உரிமை. நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100-க்கு போன் பண்ணலாம்.

இந்த நம்பரை இப்பவே சேவ் பண்ணுங்க. ஏணியில் ஏறும் அண்ணன், மாமா போனிலும் சேவ் பண்ணிக் கொடுங்க.