சேர்ந்து கற்ற பாடம்: வேலூர்த் தொழுநோய்ப் பணியும் எச்.ஐ.வி. பராமரிப்பும்

மருத்துவ ஊழியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே தொகுக்கின்றனர். ஆயினும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நமக்களித்த பாடங்களுள் ஆழமான ஒன்று ஒரு குறையிலிருந்து பிறந்தது.

1946-இல் அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்று கண்டார். உணர்ச்சி அற்றுப்போவதால் நேரும் காயங்களும், அவற்றில் பற்றும் தொற்றுமே அவற்றை அழிக்கின்றன. செயலிழந்த தசைகளுக்கு மாற்றாக நல்ல தசைநாண்களை இடம்மாற்றி, மடங்கிப்போன விரல்களை அவர் நிமிர்த்தினார். ஆனால் கை திருந்திய சிலர் முன்னிலும் வறியராயினர். ஊனமுற்ற கைக்குப் பிச்சையாவது கிடைத்தது; நேரான கைக்கு அதுவும் கிடைக்கவில்லை. நோயின் அடையாளங்களைக் கண்டு வேலை தரவும் எவரும் முன்வரவில்லை.

நோயாளரின் இம்முறையீடே மருத்துவருக்குப் போதனையாயிற்று. புதுவாழ்வு நிலையம் எழுந்தது. அங்கே தச்சுத்தொழில் கற்பிக்கப்பட்டது. இயன்முறைச் சிகிச்சையாளர் விரல்களைப் பழக்கினர். காலணி செய்வோர் பாதம் புண்படாத செருப்பைத் தேடினர். அறுவை மருத்துவர் இவர்கள் அனைவரிடமிருந்தும் கற்க வேண்டியவரானார். 1954-இல் சாலை விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளரும் மருத்துவரும் ஒருவரிலேயே சந்தித்தனர் எனலாம்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நோய் அதே வினாவை எழுப்பியது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் முயற்சியால் திரட்டப்பட்ட குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துகளை வழங்கத் தொடங்கியது. மரணத்தை எதிர்நோக்கியிருந்தோர் வாழலாயினர். எனினும், அம்மருந்துகளுள் ஒன்றாகிய ஸ்டாவுடின் பலரது பாத நரம்புகளைத் தாக்கி எரிச்சலும் மரப்பும் தந்தது. அது பின்னர் கைவிடப்பட்டது. தொற்றினாலேயே பக்கவாதமும் நரம்புத் தளர்ச்சியும் உற்றோரும் உண்டு. உயிர் காக்கப்பட்டபின் வாழ்வு எவ்வாறு மீள்வது?

மருத்துவர் குருதியில் கிருமியின் அளவைக் காண்கிறார். இயன்முறைச் சிகிச்சையாளர் நோயாளர் நடக்கும் விதத்தைக் காண்கிறார். அண்டை வீட்டார்க்கு அஞ்சி அவர் மாத்திரையை ஒளித்து வைப்பதைச் செவிலியர் அறிகிறார். வேலை இழந்ததைச் சமூகப் பணியாளர் அறிகிறார். தனித்தனியே பயின்றோர்க்கு இவை நான்கு செய்திகள்; நோயாளர்க்கோ ஒரே வாழ்வு. பல துறை மாணவர்கள் ஒருங்கே கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1988-லேயே வற்புறுத்திற்று. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், 2000-களின் தொடக்கத்தில், இத்தகைய மாணவர் குழுக்களோடு எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரே கற்பிப்போராக அமர்ந்தனர். வேலூரில் முறையீடாக எழுந்த குரல் அங்கே பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

இறையியல் மாணவர்க்கும் அவ்வகுப்பில் ஓர் இருக்கை வேண்டும். நோயாளர் பலர் மருத்துவமனையிலிருந்து திரும்புவது நம் சபைகளுக்கே. அன்பினால் உந்தப்பட்டே ஒரு போதகர், ஒருவரது நோயை ஜெப விண்ணப்பமாகச் சபையில் அறிவித்துவிடக்கூடும். அவ்வொரு வாக்கியம் அவரது வேலையையும் மகளின் திருமணத்தையும் பறிக்க வல்லது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், உரியவரது இசைவின்றி அவரது நிலையை வெளியிடுவதைத் தடை செய்கிறது. செவிலிய மாணவர் முதலாண்டிலேயே கற்கும் இந்த மௌனத்தை நாமும் அவரருகே அமர்ந்து கற்போமாக. கை திருந்தியும் வாழ்வு திருந்தாதவர் மீண்டும் நம் வாசலில் நில்லாதிருக்க இது இன்றியமையாதது.