அடுத்த தோட்டா

1911 என்றால் நமக்கு மணியாச்சி. ஜூன் 17 காலை, கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு ரயில்பெட்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு பிளாட்பாரத்திலிருந்த கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஏன் சுட்டார் என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறோம். எதால் சுட்டார் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல் அது.

அதே வருஷம் மார்ச் மாதம், அதே ஜான் பிரௌனிங் வடிவமைத்த வேறொரு பிஸ்டலுக்கு அமெரிக்க ராணுவம் பரீட்சை வைத்தது. கோல்ட் கம்பெனிக்காக அவர் செய்தது ஒன்று, போட்டிக்கு சாவேஜ் கம்பெனியின் பிஸ்டல் ஒன்று. இரண்டிலும் ஆறாயிரம் தோட்டாக்கள். நூறு சுட்டதும் ஆறவிடுவார்கள். ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெய் போடுவார்கள். சாவேஜ் 37 தடவை மக்கர் பண்ணியது. கோல்ட் ஒருதடவைகூட நிற்கவில்லை. மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுதான் அவர்களுடைய பிஸ்டல்.

எதுக்கு ஆறாயிரம்? ரிவால்வரில் ஒரு குண்டு வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். அரைத்தானியங்கி அப்படியில்லை. சுட்ட வேகமே மேற்பகுதியைப் பின்னால் தள்ளி, காலிக்கூட்டை வெளியே எறிய வேண்டும்; ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏற வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கூட்டை இழுக்கும் கொக்கி தேய்ந்தாலோ கதை முடிந்தது. முதல் குண்டை எந்தத் துப்பாக்கியும் சுட்டுவிடும். அடுத்தது வருமா என்பதுதான் பரீட்சை.

அந்தப் பரீட்சையில் பிஸ்டலை அமிலத்தில் துருப்பிடிக்க வைத்தும் சுட்டுப் பார்த்தார்கள். எங்க கிளிஞ்சல்மேட்டுல அமிலமே வேண்டாம், உப்புக்காத்து போதும். கடலுக்குப் போய்வந்த என்ஜினை நல்ல தண்ணியில கழுவாம விட்டா என்ன ஆகும்னு இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரும்பை நம்பணும்னா அதைத் தினம் கவனிக்கணும்.

இந்தக் கரைக்கு வேறொரு சங்கதியும் உண்டு. தஞ்சை ஜில்லாவுக்குள் காரைக்கால் ஒரு பிரெஞ்சுத் துண்டு, புதுச்சேரியைப் போலவே. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்ற 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் எல்லையோடு நின்றுவிடும். 1910இல் வ.வே.சு. ஐயர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதன் சுடப் பழகியது அங்கேதான்.

எவ்வளவு பழகியிருக்க முடியும்? ஒரு பிஸ்டலை நம்புவதற்கு ராணுவம் ஆறாயிரம் தோட்டாக்களைச் செலவழிக்கலாம். ஒளிந்து வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொரு தோட்டாவும் கடல் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு சத்தமும் ஒற்றர் காதில் விழலாம். அவர்கள் நம்பிக்கையைக் கடன் வாங்கத்தான் முடியும். 1909இல் சாவர்க்கர் லண்டனிலிருந்து பெட்டியின் ரகசிய அடித்தட்டில் மறைத்து அனுப்பியதும் இருபது பிரௌனிங்குகளைத்தான். அவற்றில் ஒன்றுதான் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. சாம்ராஜ்யங்களுக்காகத் தேர்ந்த ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் நுட்பத்தை, சாம்ராஜ்யத்தை எதிர்த்தவர்கள் பெயரைப் பார்த்து நம்பினார்கள்.

மணியாச்சியில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் ஆஷைக் கொல்ல ஒரு குண்டு சரியாகப் பாய்ந்தால் போதும். பழைய ரிவால்வரே அதைச் செய்திருக்கும். துரத்தி வருகிறார்கள், உயிரோடு பிடிபட்டால் அடிப்பார்கள், கூட்டாளிகளின் பெயரைக் கேட்பார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால், இருபத்தைந்து வயதில், அவருக்குத் தேவைப்பட்டது அடுத்த தோட்டா.

அது வந்தது.