கேட்டுக் கற்றவனும் படித்துக் கற்றவனும்

மெல்பர்ன் புறநகரான பொயிண்ட் குக்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகள் பலவற்றில் ஓர் ஆங்கிலச் சொற்பட்டியலைக் காணலாம். பக்கத்து வெரிபியில் உள்ள சூசன் கோரி உயர்நிலைப் பள்ளி, தேர்வு வைத்துத்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறது. அந்தத் தேர்வில் கணக்கு மட்டும் போதாது, வாசிப்பும் சொல்லறிவும் வேண்டும். ஆகவே பட்டியல், மனப்பாடம், டியூஷன். பட்டியலோடு நிற்காமல் இரண்டு கோதிக் நாவல்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்கிறேன்: மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). பயங்கரக் கதைகள் என்று பெயரெடுத்த இரண்டிலும், மொழி கற்கப் பாடுபடும் ஓர் அந்நியன் இருக்கிறான்.

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உயிர்கொடுத்துக் கைவிட்ட அந்தப் படைப்புக்குப் பெயர்கூடக் கிடையாது. அவன் ஒரு வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியே உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கிறான். முதலில் பிடிபடுபவை நெருப்பு, பால், ரொட்டி, விறகு. பிறகு வீட்டாரின் பெயர்கள். அன்பையும் துயரத்தையும் குறிக்கும் சொற்கள் காதில் விழுகின்றன, பொருள் விளங்கவில்லை. சஃபி என்ற வேற்றுநாட்டுப் பெண் அங்கு வந்துசேர, அவளுக்கு அந்த வீட்டு இளைஞன் ஃபீலிக்ஸ் பாடம் சொல்லும்போது இவனும் மறைந்திருந்து கற்கிறான். எழுத்து அப்போதுதான் வசப்படுகிறது. அதன்பின் காட்டில் கண்டெடுத்த தோல்பையில் மில்டனும் புளூடார்க்கும் கோதேயும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். காது முதலில், ஏடு பிறகு. (கதைப்படி அவன் கற்பது பிரெஞ்சு. நமக்குக் கிடைப்பது ஷெல்லியின் ஆங்கிலம்.)

டிராகுலா பிரபு இதற்கு நேர்மாறு. டிரான்சில்வேனியக் கோட்டையில் அவருக்கு ஆங்கில நூலகமே இருக்கிறது: வரலாறு, சட்டம், தாவரவியல், லண்டன் முகவரிக் கையேடு, ரயில் நேர அட்டவணை. இலக்கணம் தெரியும், சொற்கள் தெரியும், பேசிக் கேட்ட பழக்கம்தான் இல்லை. நன்றாகத்தானே பேசுகிறீர்கள் என்று, கோட்டைக்கு வந்திருக்கும் ஆங்கிலேய வழக்கறிஞர் ஜோனதன் ஹார்க்கர் சொன்னாலும் அவர் மனம் ஆறவில்லை. இங்கே நான் பிரபு, லண்டனில் யாரோ ஒருவன். என் பேச்சைக் கேட்டதும் அந்நியன் என்று எவரும் நின்று பார்க்கக் கூடாது என்பதே அவர் கவலை. ஹார்க்கரைத் தங்கவைத்துப் பேசச் சொல்வதற்கு அவர் கூறும் காரணமும் அதுதான். ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்தில் கற்றுவிட்டு இங்கு வந்து, தொலைபேசியில் ஒன்றையே மூன்று முறை திருப்பிச் சொல்ல நேர்ந்த எவருக்கும் இந்த இடம் நெஞ்சில் தைக்கும்.

நம் வீடுகளில் இந்த இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பெற்றோர் ஏட்டில் கற்றவர்கள், பிள்ளைகள் காதில் கற்றவர்கள். பிள்ளைகளின் பேச்சு தடையின்றி ஓடுகிறது, ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் விளையாட்டுத்திடலின் சொற்களே வருகின்றன. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் எழுதிவிட்டுக் கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்கியது காரணத்தோடுதான். திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்தவர்களும் அதைச் செய்யுளாக, ஓசையோடு செய்தார்கள். பிறகு ஆசிரியரிடம் நூல்களைப் பாடம் கேட்டார்கள். சொல்லுக்கு நேரே பொருள் என்ற இன்றைய பட்டியலில் ஓசையுமில்லை, நூலுமில்லை.

சொற்களுக்காகப் பிள்ளைகள் முதலில் எடுக்கவேண்டியது ஷெல்லியைத்தான். ஸ்டோக்கரின் நாவலில் பாதியளவுகூட இல்லாத நூல் அது. கடலோடி வால்டன், விக்டர், அந்தப் படைப்பு ஆகிய மூவருமே ஒரே உயர்ந்த நடையில் பேசுவதால், அரிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'ரெச்' (wretch) என்ற சொல்லைப் பாருங்கள். விக்டர் தன் படைப்பை அருவருத்து அப்படி அழைக்கிறான். அதே படைப்பு தன் நிலையை நினைத்து நொந்து தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்கிறது. இழிவும் இரக்கமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைப் பட்டியலின் ஒற்றை வரி காட்டாது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. முகத்தைக் குறிக்க ஷெல்லி ஓயாமல் எழுதும் 'கௌண்டெனன்ஸ்' இன்றைய கட்டுரையில் பழமை தட்டும். அது அறிந்து வைக்கவேண்டிய சொல், அள்ளித் தெளிக்கவேண்டியதல்ல.

'டிராகுலா' நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு எனப் பல குரல்களால் ஆனது. விட்பி என்ற ஆங்கிலேயக் கடற்கரை ஊரின் கிழவர் ஒருவரின் வட்டார வழக்கும், டச்சுக்காரரான வான் ஹெல்சிங்கின் கோணல் ஆங்கிலமும் கற்பவரைக் குழப்பலாம். ஆனால் யார், யாரிடம், எந்த நடையில் பேசுவது என்பதை ஷெல்லியைவிட ஸ்டோக்கர் நன்றாகக் காட்டுகிறார். பெற்றோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே, அதுவும் வாய்விட்டுப் படிக்க.

முழு நூலும் மலைப்பாக இருந்தால், 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1831 பதிப்பில் 11 முதல் 16 வரையான அத்தியாயங்கள் போதும். படைப்பு தானே தன் கதை சொல்லும் பகுதி அது. 'டிராகுலா'வில் முதல் நான்கு அத்தியாயங்கள், ஹார்க்கரின் நாட்குறிப்பு. அம்மாவோ அப்பாவோ ஒரு பக்கம் உரக்கப் படிக்க, பிள்ளை உச்சரிப்பைத் திருத்தட்டும். பிள்ளைக்குத் தெரியாத சொல் வந்தால் பெரியவர்கள் பொருள் சொல்லட்டும்.