மலையை விட்டு உருளைக்கிழங்கு மட்டும் இறங்கி வந்த கதை



ஏதோ ஒரு மலைப்பழத்தின் பொடி, "ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது, தினம் ஒரு ஸ்பூன் போதும்" என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "வாங்கலாமா டீச்சர்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்வதைவிட ஒரு வரலாற்றைச் சொல்வது நல்லது என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தச் சொல். ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு தடவினால் நிறம் மாறத் தாமதமாகும். சாற்றின் புளிப்போடு அதிலுள்ள வைட்டமின் சி-யும் அதைத் தடுக்கிறது. இப்படித் தடுக்கும் பொருள்களைத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிறோம். வைட்டமின் சி, மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் வகைகள், நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் எல்லாம் இந்த வகையில் சேரும்.

இனி மலைக்கு வருவோம். நம் உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேலேயும் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக விவசாயம் செய்து வருகிறார்கள். பகலில் சுள்ளென்று வெயில், இரவில் உறைபனி. அங்கே விளையும் செடிகள் புற ஊதாக் கதிரிலிருந்தும் குளிரிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள நிறமிகளை உண்டாக்குகின்றன. அதனால் அங்குள்ள உருளைக்கிழங்குகளில் உள்ளே வெட்டினால் கருநீலமாகவும் சிவப்பாகவும் இருப்பவையும் உண்டு.

அந்த மக்கள் உருளையை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஓகா என்ற புளிப்புக் கிழங்கு இருந்தது. அதை வெயிலில் வைத்தால் இனிப்பாகும். மஷுவா என்ற காரக் கிழங்கு இருந்தது. தார்வி என்ற பயறில் புரதம் மட்டுமே 40 சதவீதத்துக்கு மேல். ஆனால் கடும் கசப்பு. வேகவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப் போட்டுக் கசப்பை நீக்கித்தான் சாப்பிட முடியும். பழம் என்றால் அகுவாய்மாந்தோ. நம் சொடக்குத் தக்காளிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காகித உறை, உள்ளே பொன்னிறப் பழம், அதில் கரோட்டினும் வைட்டமின் சி-யும்.

பக்குவமும் உண்டு. உறைபனி இரவுகளில் உருளையைத் தரையில் பரப்பி, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, காய வைப்பார்கள். இதற்குச் சுன்யோ என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா அரசின் களஞ்சியங்களில் இதுவும் இருந்தது. ஆனால் சுன்யோவில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அதைப் பச்சைக் கிழங்கும் பழமும் ஈடுகட்டின. மாவுச்சத்துக்கு உருளை, புரதத்துக்குத் தார்வி, வைட்டமினுக்குப் பழம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது.

1532-ல் ஸ்பானியர் வந்தார்கள். கோதுமை, பார்லி, மொச்சை இனத்து அவரை எல்லாம் கூடவே வந்தன. உள்ளூர்ப் பயிர்கள் "இந்தியர் சாப்பாடு" என்று தாழ்ந்தன. ஆனால் 1545-ல் பொட்டோசியில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டபோது, சுரங்கத்தில் வதைபட்ட மக்களுக்கு உணவாகப் போனது அதே சுன்யோதான். அதை விற்றே பணக்காரர்களாகி ஸ்பெயின் திரும்பியவர்கள் உண்டு என்று அந்தக் காலத்தில் வாழ்ந்த சியேசா தெ லியோன் எழுதி வைத்திருக்கிறார். உணவு இழிவு, அதில் வந்த லாபம் மட்டும் இனிப்பு!

உருளை மட்டும் கப்பலேறி ஐரோப்பா போனது. கூட்டாளிகள் மலையிலேயே நின்றுவிட்டார்கள். போனதும் சில வகைகள் மட்டுமே. அயர்லாந்தின் ஏழைகள் 'லம்பர்' என்ற ஒரே வகையைப் பெரிதும் நம்பி, உருளையும் மோருமாக வாழ்ந்தார்கள். அந்த உணவு சத்தில்லாதது அல்ல. 100 கிராம் பச்சை உருளையில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. நாளெல்லாம் அதையே சாப்பிட்டவர்களுக்கு ஸ்கர்வி நோய் அதிகம் வரவில்லை. 1845-ல் கருகல் நோய் வந்து வயல்கள் அழுகின. அரசு மக்காச்சோள மாவை இறக்குமதி செய்தது. அதில் வைட்டமின் சி இல்லை. பசியோடு ஸ்கர்வியும் பரவியது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் 10 லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். நோய் மட்டும் காரணமல்ல. பஞ்ச காலத்திலும் தானியம் வெளியே ஏற்றுமதியானது. குத்தகை கட்டாதவர்கள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள்.

நமக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1820-களில் உதகையில் குடியேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே உருளை பயிரிடச் செய்தார். கொடைக்கானலில் நீங்கள் வாங்கும் மரத்தக்காளியும் ஆண்டிஸ் மலைப் பழம்தான்.

அந்த மலை மக்கள் விட்டுவிடவில்லை. 1971-ல் லிமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் தொடங்கப்பட்டது. அதன் சேகரிப்பில் 4,000-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. 2004-ல் கூஸ்கோ அருகே பிசாக் பகுதியின் கெச்சுவா கிராமங்கள் அந்த மையத்தோடு ஒப்பந்தம் செய்து, தங்கள் வயலிலிருந்து மறைந்துபோன நூற்றுக்கணக்கான வகைகளைத் திரும்பப் பெற்று மறுபடி நட்டன. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆகவே பிள்ளைகளே, சத்து ஒரு ஸ்பூன் பொடியில் இல்லை. பல நிறம், பல சுவை, அவற்றைப் பக்குவப்படுத்தத் தெரிந்த கைகள், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சத்து. மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பொடியையும் தொடாதீர்கள்.

நம் வீடுகளிலும் கொள்ளு, பனங்கிழங்கு, களாக்காய், இலந்தைப்பழம் என்று ஒரு பட்டியல் உண்டு. "அது பழைய காலத்துச் சாப்பாடு" என்று நாம் கூச்சப்பட்டு ஒதுக்கியவை. ஒரு பயிரை யாரும் தடை செய்ய வேண்டியதில்லை. சாப்பிடக் கூச்சப்பட்டாலே போதும், இரண்டு தலைமுறையில் அதன் பக்குவம் மறைந்துவிடும். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், சின்ன வயதில் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்று கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.