ஏழு லட்சம் கடிதங்கள்

கியூபா பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்களிடம் இரண்டு பட்டியல்கள் தயாராக இருக்கும். ஒருவர் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சிசு மரண விகிதம் என்று அடுக்குவார். இன்னொருவர் சிறை, தணிக்கை, படகேறி ஓடியவர்கள் என்று அடுக்குவார். தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு டீக்குக் காசு கொடுத்துக் கிளம்பிவிடுவோம். அந்த பெஞ்சில் உட்கார்ந்து பல வருஷம் முதல் பட்டியலை ஒப்பித்தவன்தான் நானும். 1992இல் இந்தியாவிலிருந்து 10,000 டன் கோதுமை கியூபாவுக்குக் கப்பலேறியபோது அதற்காக உண்டியல் குலுக்கியிருக்கிறேன். அதில் இன்றைக்கும் வருத்தம் கிடையாது. ஆனால் கியூப மக்களின் சார்பில் தீர்ப்புச் சொல்லும் வேலையை எனக்கு யார் கொடுத்தது என்கிற கேள்வி, 1961ஆம் ஆண்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க உறுத்த ஆரம்பித்தது.

அந்த ஜனவரியில் எஸ்காம்ப்ரே மலைப்பகுதியில் கொன்ராடோ பெனிதெஸ் என்ற 18 வயதுக் கறுப்பின ஆசிரியரை எதிர்ப்புரட்சிக் கும்பல் கொன்றது. ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய படை பன்றிகள் விரிகுடாவில் இறங்கியது. இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு, கொன்ராடோவின் பெயரிலேயே அணி கட்டி, சுமார் ஒரு லட்சம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். துணையில்லாமல் தெருவுக்கே விடாத குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரு தூளி, ஒரு போர்வை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. பகலில் வீட்டுக்காரரோடு வயல்வேலை, ராத்திரி விளக்கடியில் பாடம். பாடநூலின் முதல் பாடம் ஓ, எ, ஆ என்ற மூன்று உயிரெழுத்துகள். அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஸ்பானியச் சுருக்கப்பெயரும் அதுவே. அரிச்சுவடியிலேயே அரசியல் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நம்ம அணிலும் ஆடும் அரசியலற்றவை என்று நம்புகிறவர்களோடு எனக்கு வாதமில்லை.

டிசம்பர் 22 அன்று எழுத்தறிவின்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். 23 சதவீதம் அளவில் இருந்தது நான்குக்கும் கீழே வந்திருந்தது. படிக்கக் கற்றவர்கள் 7,07,212 பேர். இவர்களுக்கு வைத்த கடைசிப் பரீட்சை, ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதுவது. பாடிஸ்டாவின் பழைய படைமுகாம் இருந்த இடத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைத்து அந்தக் கடிதங்களைப் பாதுகாத்தார்கள்.

நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனாலும் பாருங்கள், ஏழு லட்சம் பேர் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம் அரசுத் தலைவருக்குப் போகிறது, நன்றியைச் சுமந்துகொண்டு. இரண்டாவது கடிதத்தை யாருக்கு எழுதுவது, அதில் என்ன எழுதலாம் என்பதும் அதே 1961இல்தான் முடிவாயிற்று. ஹவானாத் துறைமுகத்தில் ராத்திரி ஆடிக் குடிப்பவர்களைக் காட்டிய 'பி.எம்.' என்ற சின்னஞ்சிறு படம் தடைசெய்யப்பட்டது. எழுத்தாளர்கள் முணுமுணுத்தார்கள். ஜூனில் தேசிய நூலகத்தில் அவர்களைக் கூட்டிவைத்து, புரட்சிக்குள்ளே எல்லாவற்றுக்கும் இடமுண்டு, புரட்சிக்கு எதிரானதற்கு எதுவுமில்லை என்ற பொருளில் காஸ்ட்ரோ பேசினார். எது உள்ளே, எது எதிரே என்று வரையறுக்கும் அதிகாரம் யாரிடம்? அந்தக் கேள்விக்கு மட்டும் பேச்சில் பதில் கிடையாது. அந்த வருஷம் முடிவதற்குள் 'லூனெஸ்' இலக்கிய இதழ் நிறுத்தப்பட்டது.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1965 முதல் 1968 வரை ஒருபால் விருப்பமுள்ளவர்களையும் மத நம்பிக்கையாளர்களையும் உழைப்பு முகாம்களில் அடைத்தார்கள். 1971இல் கவிஞர் பதில்யா கைதாகி, சக எழுத்தாளர்கள் முன்னால் தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொள்ள வைக்கப்பட்டார். அமெரிக்கப் பொருளாதாரத் தடை கொடியது, மருந்தைக்கூட மறித்தது. ஆனால் முகாமுக்கு முள்வேலி போட்டது வாஷிங்டன் அல்ல. 2010இல் காஸ்ட்ரோவே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் நாம் எத்தனை பேர் அதைக் கேட்டிருந்தோம்?

முதல் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. சோவியத் உடைந்தபின் 1993க்குள் கியூபாவின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. சத்துக் குறைவால் 50,000 பேருக்கு மேல் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டது. அப்போதும் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் ரேஷன் அட்டையிலிருந்து வெட்டப்படவில்லை. ஆயிரம் பிறப்புக்கு 10.7 ஆக இருந்த சிசு மரணம் 1990க்கும் 1993க்கும் இடையில் 9.4 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் சந்தைக்குத் திறந்துவிடப்பட்ட ரஷ்யாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே விழுந்தது. பஞ்சத்தில் யாருடைய தட்டில் முதலில் கைவைப்பது என்பது அரசியல் தேர்வு. கியூபா சரியாகத்தான் தேர்ந்தது. இதைப் பிரச்சாரம் என்று தள்ளிவிட்டுப் போக என்னால் முடியாது.

ஆனால் 1994 ஆகஸ்டில் ஹவானாக் கடற்கரைச் சாலையில் கூச்சலிட்டவர்களும், டயர் ட்யூபையும் மரப்பலகையையும் கட்டிக் கடலில் இறங்கிய 30,000க்கும் மேற்பட்டவர்களும் இதே ஆஸ்பத்திரிகளில் பிழைத்த பிள்ளைகள்தான். நம்முடைய இரண்டு பட்டியல்களும் இரண்டு வகை மக்களைப் பற்றியவை அல்ல. ஒரே உடம்பு இரண்டிலும் இருக்கிறது. தராசில் வைத்து நிறுத்தால் அந்த உடம்பை இரண்டாக அறுக்க வேண்டியிருக்கும். மக்களுக்காக வெற்றிபெற்றதா என்று கேட்டால், 1993 வரைக்கும் பல விஷயங்களில் ஆமாம் என்பேன். மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்க விட்டதா என்றால், இல்லை. இரண்டாவது பதில் முதலாவதையும் அரித்துவிடும் என்பதை நான் லேட்டாகத்தான் புரிந்துகொண்டேன். 2018இல் 4.0 வரை இறங்கிய சிசு மரணம் 2021இல் 7.6. கெடுபிடியான தடை, கொரோனா, குளறுபடியான நாணயச் சீர்திருத்தம், எல்லாம் காரணம். தவறு என்று உரக்கச் சொல்ல ஒரு பத்திரிகையோ தொழிற்சங்கமோ இல்லாததும் காரணம்.

2021 ஜூலையில் தெருவுக்கு வந்தவர்களில் ஹவானாவின் லா குயினேரா போன்ற ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். புரட்சி யாருக்காக நடந்ததோ அவர்களேதான். 2022 மார்ச்சில் அந்தப் பகுதியிலும் தொயோ முனையிலும் நடந்த கிளர்ச்சிக்காக 127 பேருக்கு விதித்த தண்டனை மொத்தம் 1,916 ஆண்டுகள். அந்த வாரம் எங்கள் பெஞ்சில் உக்ரைன் யுத்தம் பற்றிப் பேசினோம். இதைப் பற்றி ஒருத்தரும் வாயெடுக்கவில்லை. நானும்தான்.