ரிச்சி தெருவும் தைவான் பூகம்பமும்

1999 அக்டோபரில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரை "இது பகல் கொள்ளை" என்று பத்துப் பேர் முன்னிலையில் சத்தம் போட்டேன். கூட வந்திருந்த என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அப்போது சொன்ன பதில் சரி என்று எனக்குப் புரிய ஆறேழு வருஷம் ஆயிற்று.

விஷயம் இதுதான். மகள் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். பி.எஃப். லோன் போட்டு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அதில் ரேம் 32 எம்.பி. விண்டோஸ் 98 திறப்பதற்குள் நான் குளித்துவிட்டு வந்துவிடலாம். இன்னும் 64 எம்.பி. போட்டால் ஓடும் என்றார்கள். ஜூலையில் விசாரித்தபோது இரண்டாயிரத்துச் சொச்சம். பண்டிகை முன்பணம் வரட்டும் என்று காத்திருந்தேன். குமாஸ்தா வீட்டில் எல்லாமே முன்பணத்துக்குக் காத்திருக்கும். அது கைக்கு வந்ததும் திண்டிவனம் வழியாக பஸ் பிடித்து, மவுண்ட் ரோட்டில் இறங்கி அதே கடைக்குப் போனால், அதே சாமான் ஐயாயிரத்துக்கு மேல்.

"தைவான்ல பூகம்பம் சார், உலகம் பூரா ஏறிடுச்சு" என்றார் கடைக்காரர். "தைவானில் பூமி ஆடினால் உன் கல்லாவில் ஏன்யா காசு கொட்டுது?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். பஸ்ஸில் மகள் என்னோடு பேசவில்லை.

என்னைப் போலப் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ரேம் என்ற மூன்றெழுத்தை விரித்துச் சொன்னாலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரெஞ்சில் அதற்கு 'மெமுவார் வீவ்', அதாவது உயிருள்ள நினைவு. மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்கிற ராம் என்ற இன்னொரு வகை 'மெமுவார் மோர்த்', செத்த நினைவு. பேச்சில் அந்தப் பட்டையை 'பாரெத்' என்பார்கள். பெண்கள் தலைமுடியில் குத்துகிற கிளிப்புக்கும் அதே பெயர். அதன் மேல் ஒட்டியிருக்கும் சில்லு 'ப்யூஸ்', தெள்ளுப்பூச்சி!

உயிருள்ள நினைவு என்பது பொருத்தமான பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ராபர்ட் டெனார்டு என்பவர் கண்டுபிடித்து 1968-ல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றுவரை நடக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் துளி மின்சாரம் பிடித்து வைக்க ஒரு சின்னப் பாத்திரம். அது ஓட்டைக் குடம். ஒழுக ஒழுக, வினாடிக்குப் பல முறை திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும். 1970-ல் இன்டெல் விற்ற 1103 என்ற சில்லில் 1024 பிட்டுகள் அடங்கின. எழுத்துக் கணக்கில் 128 எழுத்து, ஒரு நீளமான தந்தி. நான் வாங்கப் போன பட்டையில் 6 கோடியே 71 லட்சம் எழுத்துக்கு இடம். முப்பது வருஷத்துக்குள் இவ்வளவு!

இப்படி நாளுக்கு நாள் மலிகிற பொருள் திடீரென்று ஏன் ஏற வேண்டும்? வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் தோட்டத்து வெங்காயமானால் என்ன, சாம்பாருக்கு ஒன்றுதான். நினைவுச் சில்லும் அப்படி. ஒரே தரம் என்றால் கொரியாக்காரன் செய்ததும் ஜப்பான்காரன் செய்ததும் ஒன்றுக்கொன்று மாற்று. ஆலை கட்டக் கோடிக்கணக்கான டாலரும் சில வருஷங்களும் ஆகும். கட்டிவிட்டால் இரவு பகல் ஓட்டியே ஆக வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் கட்டினால் விலை பாதாளத்துக்குப் போகும், தட்டுப்பாடு என்றால் வானத்துக்கு. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது நினைவு விற்றுத் தள்ளும் என்று ஆளாளுக்கு உற்பத்தியைப் பெருக்கினார்கள். 1996-ல் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த வருஷம் வாங்கியவர்கள் புண்ணியவான்கள். அதற்குமுன் ஜப்பான்காரர்களின் போட்டி தாங்காமல் இன்டெல்லே 1985-ல் இந்த வியாபாரத்தை விட்டு ஓடியது.

நான் பின்னால் படித்ததில் வேடிக்கையானது 1993-ல் நடந்தது. ஜூலை மாதம் ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. அங்கே சில்லு செய்யவில்லை. சில்லின் மேல் பூசி மூடுகிற கறுப்புப் பிசின்தான் செய்தார்கள். ஆனால் அந்த வகைப் பிசினில் உலகத் தேவையில் பாதிக்கு மேல் அந்த ஓர் ஆலையிலிருந்து போனது. செய்தி வந்ததும் வியாபாரிகள் பதுக்க ஆரம்பித்தார்கள், விலை பறந்தது. கடைசியில் பயந்த அளவுக்குப் பஞ்சம் வரவில்லை. புரளிக்கே அரிசி விலை ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

தைவானுக்கு வருகிறேன். 1999 செப்டம்பர் 21 நள்ளிரவு தாண்டி, 1.47 மணிக்கு அங்கே பெரும் பூகம்பம். சுமார் 2,400 பேர் இறந்தார்கள். சில்லு ஆலைகள் நிறைந்த சின்ச்சு நகரம் அந்த இடத்திலிருந்து தள்ளித்தான் இருந்தது, ஆலைகள் இடிந்து விழவில்லை. ஆனால் மின்சாரம் போயிற்று. சில்லு செய்வது பல வாரப் பக்குவம். நடுவில் கரண்ட் போனால் அடுப்பிலிருந்த சரக்கு வீண். சில நாள் ஆலைகள் நின்றன. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த விலை எகிறியது. நான் ரிச்சி தெருவில் நின்றது அதற்கு மூன்றாவது வாரம்.

ஆக, கடைக்காரர் சொன்னது உண்மை. ஆனால் அது முழு உண்மையும் அல்ல, அதை அவரும் அறிந்திருக்க மாட்டார். 2005 அக்டோபரில், ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருந்த சமயம், ஒரு செய்தி வந்தது. நினைவுச் சில்லு விலையைப் போட்டிக் கம்பெனிகளோடு பேசிவைத்து நிர்ணயித்ததாக சாம்சங் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. ஜெர்மனியின் இன்ஃபினியான் 16 கோடி, கொரியாவின் ஹைனிக்ஸ் 18.5 கோடி. கூட்டத்தில் இருந்த அமெரிக்க மைக்ரான் விசாரணைக்கு ஒத்துழைத்து அபராதத்திலிருந்து தப்பியது. சாம்சங் ஒப்புக்கொண்ட காலம் 1999 ஏப்ரல் முதல் 2002 ஜூன் வரை. டெல், ஐ.பி.எம். போன்ற பெரிய கம்பெனிகளுக்கு விற்றதைப் பற்றிய வழக்குதான் அது. என் ஐயாயிரத்தில் பூகம்பத்தின் பங்கு எவ்வளவு, பேசிவைத்ததின் பங்கு எவ்வளவு என்று எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது. கொள்ளை என்று நான் கத்தியது அடியோடு தப்பில்லை போலிருக்கிறது, ஆள்தான் தப்பு.

அடுத்த வருஷம் விலை இறங்கியதும் அந்த 64 எம்.பி.யை வாங்கினேன், வேறு கடையில். பழைய கடைப் பக்கம் போக முகமில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், பேரனின் லேப்டாப். 8 ஜி.பி. போதவில்லை, 16 ஆக்க வேண்டும் என்கிறான். இந்த 2025 கடைசியில் விலை மறுபடி தாறுமாறாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற பெரிய கணினிக் கூடங்கள் சரக்கையெல்லாம் உறிஞ்சுகின்றன. நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு 'குருஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. ரேமில் தேய்கிற பாகம் எதுவும் கிடையாது என்பதால் பழைய லேப்டாப்பில் கழற்றியதை நம்பி வாங்கலாம். டி.டி.ஆர். 4-ஆ 5-ஆ என்று மட்டும் பார்க்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. சில லேப்டாப்பில் பற்றவைத்தே விடுகிறார்கள், மாற்றவே முடியாது.

நல்ல வேளை, பேரனுடையதில் ஒரு இடம் காலியாக இருந்தது. இங்கே ஊரிலேயே கடைப் பையன் கழற்றிய பட்டை ஒன்றை எடுத்து வைத்து விலை சொன்னான். மூன்று மாதத்துக்கு முன் புதிதே அந்த விலைக்குக் கிடைத்திருக்கும் என்று பேரன் காதில் முணுமுணுத்தான். "எல்லா இடத்திலும் அப்படித்தான் தாத்தா" என்றான் கடைப் பையன். ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.