மலைமேல் கிடக்கும் ஆறு

யாராவது ‘ஆண்ட பரம்பரை’ என்று மீசையை முறுக்கினால், நாங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு அல்லிக்குழி மலைக்குப் போய்விடுவோம். திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரியைத் தாண்டி இருக்கிறது. ஏறும்போதே உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் காலை இடறும்.

மலையில் கூழாங்கல்லுக்கு என்ன வேலை? கல் தானாக உருண்டையாவதில்லை. ஆறு அடித்து வரும்போது ஒன்றோடொன்று மோதி முனை மழுங்குகிறது. பெரிய கல்லை உருட்ட வேகமான வெள்ளம் வேண்டும். வேகம் தணிந்த இடத்தில் மணல் படியும், இன்னும் தணிந்தால் வண்டல். ஆறு செத்துப்போன பிறகும் அதன் வேகத்தைக் கல்லின் அளவு சொல்லிவிடும். அல்லிக்குழியின் கற்கள் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை. பிறகு இறுகிப் பாறையாயின. சுற்றியிருந்த மெத்தென்ற மண் அரித்துப் போக, இவை நின்றுவிட்டன. இன்று கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேலான உயரம். அன்றைய பள்ளம்தான் இந்த மேடு.

மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி, அது அப்படித்தான் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, இந்த இடத்தில் மாணவர்கள் சிரித்துவிடுகிறார்கள்.

இந்த மலைக் கற்களை மழைநீர் மறுபடி கீழே இறக்கியது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அவற்றைச் செதுக்கிக் கைக்கோடரி செய்தார்கள். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்தார்கள். கீழடுக்குக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள். அவை கிடந்தது களிமண்ணில். கரைபுரண்ட வெள்ளம் வடியும்போது மெல்லப் படிந்த மண் அது. ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. செதுக்கிய கைகள் நம் மனித இனத்துடையவைகூட அல்ல. இதில் எந்தச் சாதி போய்ப் பாட்டன் உரிமை கோரும்?

இந்தக் கதை தொடங்கியதும் சரளையில்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியிலிருந்து வெட்டிப் போட்ட கற்களுக்கிடையே ராபர்ட் புரூஸ் ஃபூட் முதல் கருவியைக் கண்டார். அதே செப்டம்பரில் அத்திரம்பாக்கம் வந்தார். ஃபூட்டின் பெயர் பாடநூலில் உண்டு. அந்தக் குழியை வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை.